அரை நொடி பிந்தி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சண்டைக்கு வந்தாலும் சரி:
ஆளுக்கொரு குரல் வைத்துப் பேசவைக்கும் இந்தப் புது வழக்கம்
எனக்குப் பிடிக்கவில்லை.
நாயகிக்கு ஒருத்தி, வில்லனுக்கு ஒரு கரகரத்த தொண்டை,
குழந்தைக்குக் கீச்சிட ஒரு நாற்பது வயதுக்காரி.
உதடு ஒருபக்கம் போகும், சொல் ஒருபக்கம் போகும்.
வாய்க்குள் வாடகைக்குக் குடிவந்த சொற்கள்.

எங்களுக்கு ஒரே குரல் இருந்தது.
திமோத்தேயுஷ் கர்லித்ஸ்கி.
முகத்தைப் பார்த்ததில்லை, பார்க்க ஆசையும் இல்லை.
அந்த பிரேசில் காப்பித் தோட்டத் தொடரில்
ரொசௌரா அவர்தான், அவளை ஏமாற்றியவனும் அவர்தான்,
ஏமாற்றியவனின் அம்மா, நீதிபதி, பிரசவம் பார்த்தவள்,
கிளிகூட.
"நான் கர்ப்பமாக இருக்கிறேன்" என்பார்
மின்கட்டண ரசீதை வாசிப்பதுபோல.

கொழுந்தன் லெஷெக் சிரிப்பான்:
"இழவு வீட்டில் ரயில் அறிவிப்பா, அண்ணி?"
அவன் காதில் விழாதது ஒன்று உண்டு.
அடியில், தணித்துவைத்த ஒலியில்,
ரொசௌராவின் சொந்தக் குரல் ஓடிக்கொண்டிருக்கும்.
அவள் தன் மொழியில் உடைவாள்.
அரை நொடி பிந்தி இவர் வருவார்,
சில்லுகளைப் பொறுக்கி மேசைமேல் வைக்கிறவர்போல.
அழுகை அவளுடையது. அர்த்தம் இவருடையது.
நடுவில் இருந்த அரை நொடி என்னுடையது.
இருபத்திரண்டு வருஷம் நான் அழுததெல்லாம் அங்கேதான்.

பாட்டு வந்தால் வாயை மூடிக்கொள்வார்.
அந்த மரியாதை இன்றைக்கு எவனுக்கு இருக்கிறது?
போன கோடை விழாவில் பரிசு வாங்கினானே ஒரு பையன்,
வெள்ளைக் கோட்டு, புகை, மேலிருந்து கொட்டிய காகிதத் துணுக்கு,
கடைசிப் பல்லவியில் சுருதியை ஒரு படி ஏற்றிவிட்டான்.
சுருதி ஏறினால் சோகமும் ஏறிவிடுமா?
ஹால்ஷ்கா முன்வரிசையில் நின்று தேம்பினாளாம்.
அவள் சோப்பு விளம்பரத்துக்கும் தேம்புகிறவள்.

அப்புறம் அந்தத் துப்பறியும் தொடர், நாலாம் பருவம்.
முதல் வரியிலேயே நிமிர்ந்துவிட்டேன். "யார் இது?"
இரெனேவுஷ் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான்.
"எவர் வாசித்தால் என்ன,
கொலைகாரன் அந்தப் படகுக்காரன்தானே."
மூன்று நாள் அவனோடு நான் பேசவில்லை.

புது ஆள் நடிக்கிறார். அதுதான் என் புகார்.
கோபமான வரிக்குக் கோபப்படுகிறார்,
முத்தக் காட்சியில் மூச்சு வாங்குகிறார்.
அவள்தான் மூச்சு வாங்குகிறாளே, ஐயா, நீங்கள் எதற்கு?
நிலையத்துக்கு எழுதினேன், இரண்டு பக்கம்.
தங்கள் கருத்துக்கு நன்றி என்று ஒரு வரி வந்தது.

நவம்பரில் பணிமனையில் எங்கள் டிராம்களுக்கு
புது அறிவிப்புக் கருவி மாட்டினார்கள்.
காலை நாலு நாற்பது, வூட்ஜ் இன்னும் விழிக்கவில்லை,
தண்டவாளத்தில் சேறாய்ப் போன பனி.
என் முதுகுக்குப் பின்னால் ஒரே ஒரு நர்ஸ், அவளும் தூக்கத்தில்.
"அடுத்த நிறுத்தம், நூற்பாலைத் தெரு."

பிரேக்கை மறந்தேன். நிறுத்தம் தாண்டிப் போயிற்று.

அவரேதான். கொஞ்சம் தேய்ந்திருக்கிறார்.
"இனி நீ என் மகன் இல்லை" என்ற அதே வாயால்
"கதவுகள் மூடுகின்றன" என்கிறார்.
நான் ஓட்ட, அவர் வாசிக்க,
ஊர் முழுக்க ஊமைப்படமாய் ஓடுகிறது கண்ணாடியில்.

முதல் வாரம் ஏதோ குறைந்தது.
அடியில் யாரும் அழவில்லை, அதுதான்.
காது தன் பழக்கத்தில் தேடிக்கொண்டே இருந்தது.
பிறகு ஒருநாள், விடுதலைச் சதுக்கத்து வளைவில்,
இரும்பில் இரும்பு உரசிச் சக்கரம் அலறியது.
அரை நொடி.
"விடுதலைச் சதுக்கம்" என்றார் அவர்,
அதற்கு இவ்வளவுதான் அர்த்தம் என்பதுபோல.

குரலில் உயிரே இல்லையாம்,
இளம்பெண் குரலாக மாற்றவேண்டுமாம்.
ஹால்ஷ்கா மனுவோடு வந்தாள், நாற்பது கையெழுத்து.
பேனாவை வாங்கினேன்,
அட்டவணையில் என் நேரத்தைக் குறித்தேன்,
திருப்பிக் கொடுத்துவிட்டேன்.